கணக்கு டியூஷன் எந்த வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்?

டி.பி. ரோட்டுக் கடைகளில் கூட்டம் சேரும் மாலை நேரத்தில், கோவை ஆர்.எஸ்.புரத்தின் உள்தெரு வீடுகளில் கணக்கு டியூஷன் தொடங்கிவிடுகிறது. ஒரு மேசை, ஒரு பிள்ளை, ஒரு டீச்சர். பத்து இருபது பேரோடு உட்காரும் டியூஷனைவிட இதற்குக் கட்டணம் அதிகம்தான். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் கொடுக்கிறார்கள். மத்திய அரசின் 2025 கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புற மாணவர்களில் 30.7 சதவீதம் பேர் ஏதோவொரு தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தனி டியூஷனில் பலன் தருவது, பிள்ளை தனியாக இருப்பதா, அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கும் வேலையா? வேலைதான் என்பது என் கட்சி. அந்த வேலை பல வீடுகளில் நடப்பதில்லை.

தனி டியூஷனுக்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை. தனியாகக் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்த நூறு பேரில் 98 பேரை முந்தினார் என்கிறது அது. அதே கட்டுரையில் இன்னொரு குழுவும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. அது 30 பேர் கொண்ட வகுப்பு. சிறு தேர்வு வைத்து, தவறியதைத் திருத்திய பிறகே அடுத்த பாடத்துக்குப் போக வேண்டும் என்பது அங்கே விதி. அந்த வகுப்பின் சராசரி மாணவரே 84 பேரை முந்திவிட்டார். புள்ளியியல் அளவுகோலில் இது தனி டியூஷன் தந்த பலனில் பாதி. தனியாகக் கற்றவர்களுக்கும் இதே விதிதான். ஆக, பாதிப் பலன் விதியால் வந்தது. அந்தச் சோதனைகள் சுமார் மூன்று வாரமே நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் டியூஷன் பற்றிய 96 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் ஆய்வில் பலன் மிகவும் குறைந்தே தெரிந்தது. ஆனாலும் பள்ளிக்கல்வியில் முயன்று பார்த்த வழிகளில் நல்ல பலன் தருபவற்றில் டியூஷனும் ஒன்று.

தவறியதைத் திருத்திய பிறகே மேலே போக வேண்டும் என்ற இந்த விதி கணக்குக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? 403இலிருந்து 157ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 354 என்று எழுதுகிறது என்று வையுங்கள். விடை 246. பிள்ளை கவனமில்லாமல் போட்டதல்ல இது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. நாளைக்கும் அப்படியேதான் கழிக்கும். இப்படிப்பட்ட தவறுகளுக்குள் ஒழுங்கு இருப்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்டன் இருவரும் 1978இலேயே விரிவாகக் காட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை −3−5க்கு +8 என்று எழுதுவதும் இதே வகை. ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற பெருக்கல் விதியைக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டது. வகுப்பில் இதற்குக் கிடைப்பது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 35 பேர் இருக்கும் வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் சொச்சம். டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. “இதை எப்படிப் போட்டே கண்ணு, சொல்லு” என்று கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்கத் தனி டியூஷனில்தான் நேரமிருக்கிறது. அந்த நேரத்தை நாளைய வீட்டுப்பாடத்தை முடித்துத் தரச் செலவழித்தால், பள்ளி நோட்டில் டிக் விழும். −3−5 அப்படியே இருக்கும்.

ஆக, ஓட்டை எந்த வகுப்புப் பாடத்தில் விழுந்ததோ, டியூஷன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது என்பார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய ஜனவரியில் கேட்டால் நியாயம். அப்போது மாதிரி வினாத்தாள்தான் கதி. ஜூனில் கேட்டால் நியாயமில்லை. ஐந்தாம் வகுப்பை முழுதாகத் திரும்ப நடத்த வேண்டியதில்லை. ஓட்டை பெரும்பாலும் இடமதிப்பு, பின்னம், குறை எண், விகிதம் என்று சில இடங்களில்தான். டியூஷன் வைத்தால் பிள்ளை சொந்தமாகப் போடாது என்ற பயம், டீச்சரே கணக்கைப் போட்டுக் காட்டும் இடத்தில் உண்மையாகிவிடும். பென்சில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

வசதியில்லாதவர் என்ன செய்வது என்பதுதான் கனமான கேள்வி. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்குப் பாதி பதிலாக இருந்தது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலையில் தங்கள் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வகுப்புகளால் வந்தது. நடத்தியவர்கள் கணக்கு நிபுணர்கள் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள். சிகாகோவில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு மாணவர் என்று வைத்து நடத்திய பள்ளிக் கணக்குப் பயிற்சியும் நல்ல பலன் தந்திருக்கிறது. ஒரே இடத்தில் தடுமாறும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால், இங்கும் கட்டணம் பாதியாகும்.

டியூஷன் சேர்க்கும்போது புதுப் பாடப்புத்தகத்தோடு போன வருடத்து விடைத்தாள்களையும் டீச்சரிடம் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, பிள்ளை எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று கேளுங்கள். “நல்லாத்தான் பண்றானுங்க, கொஞ்சம் கவனக்குறைவுங்க” என்பதுதான் பதில் என்றால், வேறு டீச்சரைப் பாருங்கள்.