நீல நிற மாத்திரை

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் வீராங்கனையர் ஒரு தங்கப்பதக்கமும் பெறவில்லை. நான்கே ஆண்டுகளுக்குப்பின், மாண்ட்ரியலில், மகளிர்க்குரிய 13 நீச்சல் போட்டிகளில் 11 தங்கங்கள் அவர்கள் வசமாயின. ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களே வாழ்ந்த அந்நாடு, தங்கப்பதக்க எண்ணிக்கையில் அமெரிக்காவையும் முந்தியது.

கண்டோர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். அவ்வீராங்கனையரின் அகன்ற தோள்களும் தடித்த குரலும் அந்த ஐயத்தை வளர்த்தன. அதனை வெளிப்படையாகச் சொன்னவர் அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பபஷாஃப். அவர்களுக்கு அடுத்த நிலையில் நான்குமுறை வெள்ளி பெற்றவர் அவர். தோல்வியைத் தாங்காதவர் என்று சொந்த நாட்டுச் செய்தியாளர்களே அவரை இகழ்ந்தனர்.

உண்மை நெடுநாள் மறைந்திருந்தது. 1974இல் கிழக்கு ஜெர்மனி அரசு, ‘அரசுத் திட்டம் 14.25’ என்னும் கமுக்கமான திட்டத்தின்கீழ் ஊக்கமருந்து வழங்குவதை முறைப்படுத்தியது. அவற்றுள் முதன்மையானது ‘ஓரல் டுரினபோல்’ என்னும் நீல நிற மாத்திரை. இது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை ஒத்த செயற்கை ஸ்டீராய்டு. தசையைப் பெருக்கும்; களைத்த தசையை விரைவில் மீட்டு, மேலும் கடுமையாகப் பயிற்சிசெய்ய இடந்தரும். அவ்வியக்குநீர் இயல்பாகவே குறைவாகச் சுரக்கும் பெண்ணுடலில் இதன் விளைவு பன்மடங்கு மிகும். மாணவர்களே, இதனை உட்கொண்டவர்களுள் பலர் உங்கள் வயதினர். உங்களினும் இளையோரும் உண்டு. ‘வைட்டமின்’ என்று சொல்லியே கொடுத்தார்கள். பெற்றோருக்கும் தெரியாது. அச்சிறுமியரை ஏமாற்றுக்காரர் என்றழைப்பது எவ்வாறு பொருந்தும்?

சோதனைகள் இல்லாமலில்லை. கிரைஷா என்னும் ஊரில் ஆய்வகமே இருந்தது. வெளிநாடு புறப்படுமுன் விளையாட்டு வீரர்களின் சிறுநீர் அங்கே ஆராயப்பட்டது. மருந்தின் தடயம் எஞ்சியிருந்தால் பயணம் நிறுத்தப்படும். காயம் என்று காரணம் சொல்லப்படும். ஊக்கமருந்தைக் கண்டறிய வேண்டிய ஆய்வகமே அதனை மறைக்கும் திரையாயிற்று.

1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின் ஆவணங்கள் வெளிப்பட்டன. 2000ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றத்தில், முன்னாள் வீராங்கனையர் தங்கள் உடல் அடைந்த கேடுகளை எடுத்துரைத்தனர். விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரட் எவால்டுக்கு 22 மாதமும் மருத்துவர் மான்ஃபிரட் ஹோப்னருக்கு 18 மாதமும் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்டமையால் இருவரும் சிறைக்குச் செல்லவில்லை.

மாண்ட்ரியல் முடிவுகளைத் திருத்தப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இசையவில்லை. பபஷாஃபின் நான்கு வெள்ளிகளும் பட்டியலில் இன்றும் வெள்ளிகளாகவே உள்ளன.