புறாத்தீவுக்கு எதிர்க்கரையில்

எங்கள் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர்தான். 2003 இல் அதைத் தேசிய பூங்காவாக்கினார்கள், மறுவருடம் சுனாமி. 2009 இல் யுத்தம் முடிந்தபின், முருகைக்கற்களையும் செட்டை நுனி கறுத்த சுறாக்களையும் பார்க்கச் சுழியோடிகள் வருகிறார்கள். மீன் ஏற்றிய வள்ளங்கள் சில இப்போது ஆட்களை ஏற்றுகின்றன.

வள்ளமுள்ள வீட்டுக்கு அது வருமானம். கணவனும் இல்லை, வள்ளமும் இல்லை என்றால்? நாங்கள் கருவாடு காயவைத்த மணலில் சாய்கதிரைகள் கிடக்கின்றன. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் பயணிகளும் வரமாட்டார்கள்.

விடுதியொன்றில் துணி தோய்க்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் பருவத்துக்கு மட்டும் என்றதும் நான் போகவில்லை. நாங்கள் நால்வர் சேர்ந்து வள்ளக்காரருக்கும் பயணிகளுக்கும் மதியச் சோறு கட்டிக் கொடுக்கிறோம். மீனை மட்டும், சகோதரிகளே, எங்கள் கரைவலைக்காரரிடமே வாங்குகிறோம். மிஞ்சியதைக் கருவாடாக்கி மாரிக்கு வைக்கிறோம், இப்போது வீட்டுக் கூரையில்.