கோலாலம்பூரின் இரண்டு ‘கோ’

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை, தாமான் வீட்டிலிருந்தே முறுக்கு விற்கும் குடும்பம் என்று பலரும் இப்போது சொந்தமாக ஓர் அகப்பக்கம் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் பக்கங்கள் போட்டவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கூகுள் சர்ச் கன்சோலில் சைட்மேப் கொடுத்தோம். சில முகவரிகளுக்கு மட்டும் ‘404, பக்கம் இல்லை’ என்று வருகிறது. கடைத் தளத்தில் அதே பக்கத்தைச் சொடுக்கினால் திறக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாயிற்று, வித்தியாசமே இல்லை. பிறகு எங்கே கோளாறு?

வித்தியாசம் இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரியாது.

வழக்கமான பிழைகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். சைட்மேப் கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே எக்ஸ்.எம்.எல். வாசிப்பான் நின்றுவிடும். முகவரிக்குள் ‘&’ குறி வந்தால் அதற்குரிய மாற்றுக் குறியீட்டில் எழுத வேண்டும். ஒரு கோப்பில் 50,000 முகவரி, 50 மெகாபைட் என்ற வரம்பு பூக்கடைக்குக் குறுக்கே வராது. இவற்றைப் பிழைச் செய்தியே காட்டிக்கொடுத்துவிடும்.

சைட்மேப் என்பது கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பும் மாமா கையிலுள்ள பட்டியல். பட்டியல் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டில் விசாரித்து அடுத்த வீட்டுக்கு மாமா போய்விடுவார். தேடுபொறியும் அப்படித்தான், இணைப்பைப் பிடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் போகும். பட்டியல் இருந்தால் ஒதுக்குப்புற வீடும் விட்டுப்போகாது. வீடு மாறியவர் பழைய வாசலில் புது முகவரியை ஒட்டி வைத்திருந்தால் மாமா அங்கே போவார், அது 301 திசைமாற்றம். கொண்டோமினியம் வாசலில் ஜாகா நிறுத்தினால் அது ரோபாட்ஸ் கோப்பின் தடை. எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ‘நேற்றுதான் குடிவந்தார்கள்’ என்று எழுதி வைத்தால், மாமா அந்தக் குறிப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். ‘கடைசியாகத் திருத்திய நாள்’ நம்பும்படி இல்லாவிட்டால் கூகுளும் அதைப் பொருட்படுத்தாது. நம் சிக்கலில் மாமாவின் பட்டியலிலும் ஜாகாவின் பதிவேட்டிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் சர்வர் என்ற இந்த ஜாகா எழுத்தைப் படிப்பதில்லை, எண்ணை ஒப்பிடுகிறார்.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக் கூறுக்கும் ஓர் எண் உண்டு. ‘க’ 2965. அதையடுத்து ஓகாரக் குறி 3019 வந்தால் ‘கோ’. இன்னொரு வழியும் இருக்கிறது: 2965, பிறகு ஏகாரக் கொம்பு 3015, பிறகு கால் 3006. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமும் சொல்கிறது. ஆனால் இணைய முகவரிக்குள் தமிழ் அப்படியே போவதில்லை. ஒவ்வொரு கூறும் 3 பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு கூறுக்கு 9 இடம். ‘கோலாலம்பூர்’ முதல் வழியில் 11 கூறு, 99 இடம். இரண்டாவது வழியில் 12 கூறு, 108 இடம். நீளமே வேறாகிவிட்ட இரண்டு முகவரிகளை ஒன்றென்று சர்வர் எப்படிக் கொள்ளும்?

இதில் நான் மிகவும் ரசிப்பது, டொமைன் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதுதான். ‘.சிங்கப்பூர்’ போன்ற தமிழ் டொமைன்களில் பெயரை எந்த வழியில் உள்ளிட்டாலும், உலாவி முதலில் அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் தேடுகிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பாதைக்கு அந்த உபசாரம் கிடையாது. கொடுத்ததை அப்படியே அனுப்பிவிடும்.

பிரிந்த ‘கோ’ எங்கிருந்து வருகிறது? பழைய மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறை, கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில் கொம்பு, மெய், கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே சேமிப்பு நடந்தது. கவனமில்லாத மாற்றி கொம்பையும் காலையும் ஒட்டாமல் விட்டுவிடும். கணினித் தமிழில் மலேசியா பின்தங்கிய நாடல்ல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே உருவானது, 2001 தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னும் பலரிடம் இருப்பதால்தான் இந்தச் சிக்கல் இங்கே அந்நியமானதல்ல.

ரோபாட்ஸ் கோப்பு 1994இல் வந்தது. சைட்மேப்பை 2005இல் கூகுள் தொடங்க, 2006இல் யாகூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டன. வரலாறு இவ்வளவு போதும். சைட்மேப் கொடுத்து முதல் பக்கத்தில் வரவழைப்பதாகப் பணம் கேட்பவர்களுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம். சைட்மேப்பில் எழுதும் ‘முன்னுரிமை’ எண்ணைக் கூகுள் கண்டுகொள்வதில்லை என்று அதுவே சொல்லியிருக்கிறது. சைட்மேப் மாறியதும் தகவல் அனுப்பும் வாசலை மூடுவதாக 2023இல் அறிவித்தது. சுமார் 500 பக்கத்துக்கு உட்பட்டு, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒழுங்காக இணைந்திருந்தால் சைட்மேப்பே தேவைப்படாமல் போகலாம் என்பதும் அதன் வழிகாட்டியில் உள்ளதுதான். சின்னத் தமிழ்த் தளத்துக்கு சைட்மேப்பின் உண்மையான பயன், மறைந்திருக்கும் இந்த மாதிரிப் பிழையைக் காட்டிக்கொடுப்பது. அதற்காகவே நான் வைக்கச் சொல்வேன்.

பிரிந்ததை ஒட்ட யூனிகோடு ‘என்.எஃப்.சி.’ என்ற ஒருமைப்படுத்தலைத் தருகிறது, பி.எச்.பி., பைத்தான் இரண்டிலும் அதற்கு வசதி உண்டு. ஆனால் அதற்கும் பிடிபடாதவை இருக்கின்றன. ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு, க, ளகரம் தோன்றும்படி ‘கெள’ என்று அடிப்பவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு இது முற்றிலும் வேறு சொல். ‘ஸ்ரீ’யும் அப்படியே: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்துக்கும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஸ்ரீ கந்தசுவாமி கோயிலுக்கும் மாலை கட்டிக் கொடுக்கும் கடை, அப்பெயர்களில் பக்கம் வைத்தால் இதைக் கையால்தான் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

இதற்குப் பயந்து முகவரியை ஆங்கிலத்திலேயே வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழிலேயே வையுங்கள், ஆனால் சுருக்கமாக வையுங்கள். வேர்ட்பிரஸ் பக்கப் பெயரை 200 இடத்தோடு நிறுத்திவிடும். ‘தீபாவளி-சிறப்பு-முறுக்கு’ என்பதே சரியாக 200 இடம். அதன்பின் ‘வகைகள்’ என்று சேர்த்தால் அது வெட்டுப்படும். சைட்மேப்பில் முழுப் பெயரைக் கையால் அடித்தவருக்கு அங்கேயும் பிழை காத்திருக்கும். எனவே பட்டியலைத் தளத்தின் மென்பொருளே தன் தரவிலிருந்து தயாரிக்கட்டும். ஏற்கெனவே வெளியே பரவிவிட்ட பிரிந்த முகவரிகளிலிருந்து ஒட்டிய முகவரிக்கு 301 போட்டு, சைட்மேப்பை மறுபடி கொடுத்தால், கூகுள் அடுத்தடுத்து வரும்போது அந்த 404கள் ஒவ்வொன்றாகக் குறையும்.