பொது மேகம், தனி மேகம், கலப்பு மேகம்

மேகக் கணிமை என்பது கணினியின் செயலாற்றல், சேமிப்பிடம், மென்பொருள் ஆகியவற்றைத் தேவைப்படும்போது தேவையான அளவு வலையமைப்பின் வழியே பெற்றுக்கொள்ளும் முறையாகும். பெயர் மேகம் என்றாலும் தரவு இருப்பது தரையில்தான். குளிரூட்டப்பட்ட பெரிய தரவு மையங்களில் உள்ள வழங்கிக் கணினிகளில் அது சேமிக்கப்படுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை, மேகத்தைப் பொது, தனி, சமூக, கலப்பு என நான்காகப் பிரிக்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்கு முதல் குழப்பம் சொற்களிலேயே ஏற்படுகிறது. 'பொதுத்துறை' என்றால் அரசு, 'தனியார்' என்றால் கம்பெனி என்று நாம் பழகியிருக்கிறோம். மேகக் கணிமையில் இச்சொற்கள் உரிமையாளரைக் குறிப்பதில்லை. யாரெல்லாம் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையே குறிக்கின்றன. அமேசான் ஒரு தனியார் நிறுவனம். அது யாருக்கும் வாடகைக்குத் தருவதோ பொது மேகம். அரசுத் துறை ஒன்று தனக்கு மட்டும் அமைத்துக்கொள்வது தனி மேகம். எனவே 'தனியார் மேகம்' என்று எழுதுவதைவிடத் 'தனி மேகம்' என்று எழுதுவதே பொருத்தம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களின் பாசனத்தை வைத்து இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் முல்லைப் பெரியாற்று நீரை நம்பியுள்ளது. ஆற்று வாய்க்கால் பலருக்கும் பொது. அணையையும் மதகையும் பராமரிப்பது விவசாயியின் வேலையல்ல. ஆனால் எப்போது திறப்பது என்பதும் அவர் கையில் இல்லை. சொந்தக் கிணறு அவருக்கு மட்டுமே உரியது; தூர்வாருவதும் மோட்டார் பழுது பார்ப்பதும் அவர் செலவு. வாய்க்கால் தண்ணீர் வரும்போது அதையும், வராதபோது கிணற்றையும் பயன்படுத்துபவர் கலப்பு முறையில் இருக்கிறார். ஒப்புமை பொருந்தாத இடமும் உண்டு: பொது மேகத்தில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பயன்படுத்திய ஒவ்வோர் அளவுக்கும் கட்டணம் உண்டு.

அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினி ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் தன் மேகச் சேவை மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பைக்கு வந்தன. பொது மேகத்தில் ஒரே இயந்திரத்தில் பல வாடிக்கையாளர்களின் வேலை நடக்கலாம். 'பொது' என்பதால் ஒருவர் தரவை மற்றவர் பார்க்கலாம் என்று பொருளல்ல. மென்பொருள் தடுப்புகள் அவர்களைப் பிரித்து வைக்கின்றன.

அலுவலக மூலையில் ஒரு வழங்கிக் கணினி ஓடுவதால் மட்டும் அது தனி மேகம் ஆகிவிடாது. பல இயந்திரங்களின் ஆற்றலை ஒன்றாகத் திரட்டி, கேட்ட பிரிவுக்குக் கேட்டவுடன் பிரித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்தால்தான் அது மேகம். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்னும் திறந்த மூல மென்பொருள் இதற்காகப் பரவலாகப் பயன்படுகிறது. இந்தியாவில் 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் தேசியத் தகவலியல் மையம் 2014இல் தேசிய மேகத்தைத் தொடங்கியது. இதைப் பலர் தனி மேகம் என்பார்கள். பல அரசுத் துறைகள் பகிர்ந்துகொள்வதால், 2011 வரையறைப்படி சமூக மேகம் என்பதே துல்லியமானது.

கலப்பு மேகம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு நிறுவனம் சம்பளக் கணக்கைத் தன் கணினியிலும் மின்னஞ்சலைப் பொது மேகத்திலும் வைத்தால் மட்டும் அது கலப்பு ஆகாது. இரண்டும் இணைக்கப்பட்டு, தரவோ பயன்பாடோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலையை எண்ணிப் பார்க்கலாம். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பதிவெண்ணைத் தட்டுவார்கள். மறுநாள் கூட்டம் இருக்காது. அந்தச் சில மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கான இயந்திரங்களை வாங்கி வைப்பது வீண். மதிப்பெண்களின் மூலப் பதிவைத் தனி மேகத்தில் பத்திரமாக வைத்து, பார்வைக்கான நகலை மட்டும் அன்றைக்குப் பொது மேகத்துக்கு விரிப்பது கலப்பு மேகத்தின் வேலை.

செலவு விஷயத்தில் ஒரே விடை கிடையாது. தொடக்கத்தில் முதலீடு இல்லாதவர்களுக்குப் பொது மேகம் வரப்பிரசாதம். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பெரும் பயன்பாடு உள்ளவர்களுக்கு வாடகை கூடிக்கொண்டே போகும். டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் பயனர் தரவில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த மையங்களுக்கு மாற்றியது. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சமானதாக 2018இல் அறிவித்தது.

பாதுகாப்பிலும் 'சொந்தமாக வைத்திருந்தால் பத்திரம்' என்ற நம்பிக்கை முழு உண்மையல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் இருந்த அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ பரவியது. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டெராபைட் தரவுக்கு வெளியே நகல் இல்லை, அது அழிந்தது. இதற்கு எதிர்ப்பக்கம், 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு கூகுள் மேகத்தில் ஓர் அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததால், சில நாள் தடங்கலுக்குப் பின் சேவை மீண்டது. நகல் எங்கே, எத்தனை இடத்தில் என்ற கேள்வி மூன்று வகைக்கும் பொதுவானது.

சட்டமும் எந்த வகை மேகம் என்று கேட்பதில்லை. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சொந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைத் திரட்டிய நிறுவனம் அதை வேறொருவரிடம் கொடுத்துக் கையாளச் செய்தாலும் பொறுப்பு திரட்டிய நிறுவனத்துக்கே உரியது.