மேலே ரயில், கீழே மீன்

சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே மின்சார ரயில் அடையாற்றைக் கடந்து செல்வதை நேயர்கள் கவனித்திருக்கலாம்; கவனியாமலும் இருந்திருக்கலாம். ஏனெனில், அதற்குப் பிடிக்கும் நேரம் வெகு சொற்பம். சக்கரங்களின் ஓசை சட்டென்று மாறும். ஜன்னல் வழியே ஒரு வாடை வரும். பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக் கொள்வார். அதற்குள் பாலம் போய்விடும். சென்னைவாசிகளில் பெரும்பாலோருக்கும் அடையாற்றுக்கும் இன்றுள்ள சிநேகம் இவ்வளவுதான்.

நமக்கோ அந்தப் பாலத்தடி ஒரு காலத்தில் சொர்க்கமாயிருந்தது. சிறுவர்களுக்கென்று உலகத்தில் ஏற்பட்ட இரண்டு பெரிய சுகங்கள் அங்கே ஒரே இடத்தில், ஒரே வேளையில், காலணாச் செலவில்லாமல் கிடைத்தன. தலைக்கு மேலே ரயில் போகும். காலடியில் மீன் ஓடும். ரயில் வராத சமயத்தில் தூண்டில் தக்கையைப் பார்க்கலாம். தக்கை அசையாத சமயத்தில் ரயிலை எண்ணலாம். ஞாயிற்றுக்கிழமையின் பகல்பொழுது இதற்கே போதாமல் போகும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் வீட்டில் மீன் உண்பவர் ஒருவரும் கிடையாது. ஆயினும் மூன்று தலைமுறையாக ஆண்பிள்ளைகள் மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்மணிகளும் மூன்று தலைமுறையாக அது தெரியாததுபோலவே இருந்து வந்திருக்கிறார்கள். பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும், கொல்லைப்புறமாக வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது இரு தரப்பாருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம்.

நம் பாட்டனார் மயிலாப்பூர் மாடவீதியில் வளர்ந்தவர். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் மீன்கள் ஏராளம். ஆனால், அவற்றுக்குப் பொரி போடுவது புண்ணியம். பிடிப்பது மகா பாவம். ஆகையால், பாவம் செய்ய விரும்பிய மயிலாப்பூர்ச் சிறுவர்கள் மேற்கே வெகு தூரம் நடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் கிடந்தது நெடிய ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம். அதன் கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு. மேற்குப் புறத்தில் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியின் இருப்புப்பாதை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்த ஏரியில் படகுப் பந்தயம் விட்டார்கள். நம்மவர்கள் அதில் விரால் பிடித்தார்கள்.

விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். நீர் மட்டத்தில் செந்நிறமான குஞ்சுக் கூட்டம் நகர்ந்தால், அதன் கீழே பெற்ற மீன் இருக்கிறதென்று அர்த்தம். கூட்டத்துக்குள் எது வந்து விழுந்தாலும் அது சீறிப் பாய்ந்து கடிக்கும். இந்தப் பிள்ளைப் பாசத்தை நம்பித்தான் தூண்டிலை அங்கே போடுவார்கள். பாட்டனாரும் ஒரு முறை அவ்விதம் பிடித்தாராம். பிடித்த மீனைச் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டான். மறுநாள் போய்ப் பார்த்தபோது குஞ்சுகள் தாமாகக் கரையோரம் தத்தளித்துக் கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவர் அந்த வழியில் மீன் பிடிக்கவில்லை. எண்பது வயதில் இதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் சிறிது தாழ்ந்து போகும்.

மாலை நேரத்தில் மவுண்ட் ரோடுக் கரையில் உட்கார்ந்தால், தண்ணீருக்கு அப்பால் ரயில் போவது தெரியுமாம். மேலே ஒரு புகை. ஏரிக்குள் தலைகீழாக ஒரு புகை. எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் பெங்களூர் சாமிநாத பிள்ளை என்பதைப் பாட்டனார் ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்வார். "கம்பெனி அவனுடையது, கட்டினவன் நம்முடையவன்" என்பது அவருடைய கட்சி.

1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஜனங்களுக்கு வீடு வேண்டும். ஏரியோ வெறுமனே கிடக்கிறது என்று சர்க்கார் கருதினார்கள். தண்ணீரை வடித்தார்கள், மனை பிரித்தார்கள், 1925-ல் காலமான ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைப் புதிய நகருக்கு வைத்தார்கள், பனகல் ராஜாவின் பெயரால் நடுவே ஒரு பூங்கா அமைத்தார்கள். ஏரியின் வடகோடியில் மிஞ்சியிருந்த பள்ளத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரியைப் பார்த்த வீதி என்னும் பொருளில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. ஏரியைத்தான் காணோம்.

இதற்காக யாரைக் கோபித்துக் கொள்வது? பாட்டனாரே உத்தியோகம் கிடைத்தபின் அங்கே ஒரு மனை வாங்கினார். தாம் விரால் பிடித்த இடத்திலேயே வீடு கட்டிக் குடியேறினார். ஐப்பசி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் வந்தால் அவர் அதிசயிப்பதில்லை. "பழைய குடித்தனக்காரர் வந்திருக்கிறார். பாயைச் சுருட்டி மேலே வை" என்பார்.

ஏரி போனபின் நம் தந்தையாருக்கு மிஞ்சியது ஆறு. 1950-களின் சைதாப்பேட்டையில் ஆற்று மணலில் சலவைத் துணிகள் வெள்ளை வெளேரென்று காயும். முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியுமாம். கெண்டை, கெளுத்தி, மழை வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு வரும் விரால் எல்லாம் கிடைத்தன. ஆர்மீனிய வர்த்தகரான பெட்ரஸ் உஸ்கான் 1726-ல் சொந்தப் பணத்தில் கட்டிய மர்மலாங் பாலம் அப்போது இருந்தது. 1966-ல்தான் அதற்குப் பதிலாக இப்போதைய மறைமலையடிகள் பாலம் வந்தது. ஆனால், நம் தந்தையாருக்குச் சாலைப் பாலத்தில் சிரத்தை கிடையாது. அவருடைய பாலம் ரயில் பாலம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே உள்ளூர் வண்டிகளுக்குப் புகை இல்லை. சிறுவர்களிடம் மதிப்பும் இல்லை. தூர தேசம் போகும் வண்டிகளுக்கே மரியாதை. அவற்றிலும் தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலுக்குத்தான் முதல் தாம்பூலம். அதில் போகிறவர்கள் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போவார்கள் என்பதே காரணம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோகும் என்று அப்போது யார் கண்டார்கள்? ரயில்வேயும் 1944-ல் கம்பெனியிடமிருந்து சர்க்கார் கைக்கு வந்து, 1951-ல் தென்னக ரயில்வே ஆகியிருந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா தொழிற்சாலையில் செய்த மீட்டர் கேஜ் இஞ்சின்களும் வரத் தொடங்கின. பாலத்தடியில் தூண்டிலுடன் உட்கார்ந்திருந்த பையன்கள் நம் நாட்டு இஞ்சினுக்கு எழுந்து நின்று கை தட்டுவார்களாம். இஞ்சின் டிரைவரும் சில சமயம் ஊதுகுழலை இழுத்துப் பதில் சொல்வாராம். ஊதுகிற ஊதலைக் கேட்டே எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவதாக நம் தந்தையார் பெருமை அடித்துக் கொள்வார். இதற்குச் சாட்சி இல்லை. தண்டவாளத்தில் காலணாவை வைத்து வட்டத் தகடாக்கிய கதையும் உண்டு. அதை விவரிப்பது ஓர் உபாத்தியாயருக்கு அழகல்ல.

1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரையில் நீண்டுவிட்டது. ஆகையால் 1980-களில் நாம் பாலத்தடிக்கு வந்தபோது கரிப்புகை ஓய்ந்து போயிருந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் விழுப்புரத்தில் இறங்கி, பக்கத்துப் பிளாட்பாரத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் கரி இஞ்சினைப் பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயை அதன் வாயில் திருப்பிவிடும்போது யானைக்குத் தண்ணீர் காட்டுவது போலிருக்கும். நம் வண்டி புறப்படப் போகிறதென்று அம்மா ஜன்னலிலிருந்து கூவுவாள். அந்தக் கூவல் இன்னும் காதில் இருக்கிறது.

மீனும் மாறியிருந்தது. ஆற்றங்கரையில் குடியிருந்த நம் வகுப்புத் தோழன் ஒருவன்தான் நமக்குக் குரு. அவனுடைய தகப்பனார் சலவைத் தொழிலாளி. மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, நாக்குப் பூச்சி எல்லாம் அவன் ஏற்பாடு. நாம் கொண்டு செல்வது தயிர்சாதம். அதில் பாதி நமக்கு, பாதி அவனுக்கு, மிஞ்சியது மீனுக்கு. தூண்டிலில் வந்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். மற்ற மீன் மூச்சு முட்டிச் சாகும் அழுக்குத் தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கும். அது ஒன்றே கிடைத்தது என்பதிலிருந்து ஆற்றின் யோக்கியதை நமக்குப் புரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் அது புரியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஏழு மீன் பிடித்தோமென்று குதித்தோம்.

நம் பங்கை ஆற்றில் விட்டுவிடுவோம். தோழன் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டு போவான். ஒரு நாள் அவனுடைய தாயார் அவனைத் தடுத்துவிட்டாள். "இந்த ஆத்து மீன் இனிமே வேணாம்டா. கொழம்பு கொதிக்கறப்பவே மருந்து நாத்தம் அடிக்குது" என்றாள். அன்று எல்லா மீனையும் விட்டோம். நமக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு ஒரு வேளைக் குழம்பு. இந்த வித்தியாசம் அப்போது நம் மனத்தில் படவில்லை. இப்போது அடிக்கடி படுகிறது.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். ரயிலுக்கு நாளுக்கு நாள் யோகம். மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-ல் ஓய்வு பெற்றது. அகலப் பாதை வந்தது. ஆற்றுக்கோ நகரத்தின் சாக்கடையே தீர்த்தமாயிற்று. 2015 டிசம்பரில் மட்டும் அது தன் சுயரூபத்தைக் காட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து கொண்டது. சைதாப்பேட்டைக் கரையில் வீடுகள் முழுகின. வெள்ளம் வடிந்தபின் பழைய சாக்கடை பழையபடியே ஓடிற்று. கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஊரூர்க் குப்பத்தார் மடவைக்கும் இறாலுக்கும் வலை வீசுவதை நாம் பார்த்ததுண்டு. அங்கே கடல் வந்து கழுவிவிடுகிறது. சைதாப்பேட்டைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

2019-ம் வருஷம் குடியரசு தினத்தன்று ஓர் அதிசயம் நடந்தது. 1855-ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி இஞ்சின், நூறு வருஷத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் அதைப் பெரம்பூர் லோகோ தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மறுபடி ஓடச் செய்தார்கள். அது அன்று எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரையில் ஓடியது. மாம்பலத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நின்றுவிட்டதில் நமக்கு மனக்குறைதான். எழுபதைத் தாண்டிய தந்தையாரையும், நம்மிடம் படிக்கும் ஏழெட்டுப் பையன்களையும் அழைத்துக்கொண்டு கோடம்பாக்கம் சென்றோம். புகை வந்தது, ஊதல் கேட்டது. தந்தையார் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "கரித்தூள் விழுந்துவிட்டது" என்றார். விழுந்திருக்கலாம்.

பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போட் மெயில் கதை கேட்டார்கள். கதையில் தூண்டிலும் வந்துவிட்டது. உடனே, "சார், நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போகலாம்" என்று பிடித்துக் கொண்டார்கள். நாமும் சம்மதித்துவிட்டோம். மூங்கில் கழி வாங்கினோம். மயிலிறகுத் தண்டுகூடத் தேடிப் பிடித்தோம்.

சனிக்கிழமை மாலை ஒரு பையனுடைய தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உபாத்தியாயர்மேல் தமக்குப் பூரண நம்பிக்கை உண்டென்றும், ஆனால் சென்ற வருஷம் அந்தக் கரையருகே குடியிருந்தபோது குழந்தைக்கு இரண்டு மாதம் விஷக் காய்ச்சல் கண்டதென்றும், அந்தத் தண்ணீரை அவன் தொடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தாள். முடியும் என்று நம்மால் எழுத முடியவில்லை. தூண்டில் போடும் பையன் தண்ணீரைத் தொடாமல் எப்படி இருப்பான்? கழிகளைப் பரண்மேல் ஏற்றினோம்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வந்து நின்றார்கள். மாம்பலத்தில் டிக்கெட் வாங்கி, கிண்டி வரையில் போய்த் திரும்புவதென்று முடிவாயிற்று. சைதாப்பேட்டை தாண்டியதும் எல்லோரும் ஒரு பக்கத்து ஜன்னலில் குவிந்தார்கள். சக்கரத்தின் ஓசை மாறிற்று. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பாலம் கடந்தபின் அந்தக் கடிதக்காரியின் பிள்ளை திரும்பி, "சார், ஒரு மீன் துள்ளியது, நான் பார்த்தேன்" என்றான். மற்றவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை, பொய் என்றார்கள். எவ்வளவு பெரிதென்று கேட்டோம். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். திரும்பும்போது அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தோம்.