பாசி எங்கே நிற்க வேண்டும்?

எண்ணூர்க் கழிமுகத்திலே வலை வீசும் தோழன் வாரி எடுப்பது இறாலையா, சாம்பலையா? அனல் மின் நிலையச் சாம்பல் கொசத்தலை ஆற்றிலே கலந்த கொடுமையை 2022லே பசுமைத் தீர்ப்பாயமே கண்டித்தது. சாம்பலோடும் ஆலைக் கழிவோடும் வருபவை ஈயம், காட்மியம், நிக்கல். கண்ணுக்குத் தெரியாத நஞ்சுகள்!

இதற்கொரு மருந்து கடலிலேயே கிடக்கிறது. மண்டபம் பக்கம் மூழ்கிப் பறிக்கிறார்களே கடற்பாசி, அந்த இனத்திலே ஒன்று கட்டக்கோரை. உலர்ந்த அப்பாசியிலுள்ள ஆல்ஜினேட், தன் கால்சியத்தை விட்டுவிட்டு நீரிலுள்ள உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். அமிலத்தால் கழுவினால் அதை உதிர்த்துவிட்டு மறுபடியும் வேலைக்கு நிற்கும். கூலி கேட்காத தொழிலாளி! (முதலாளிமார் காதில் இது தேனாகப் பாயும்!) பச்சைப் பாசியைக் குழாயில் அடைத்து, செம்பையும் கோபால்ட்டையும் நிக்கலையும் பிடித்துக் காட்டி, 2005லேயே எழுதினர் அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

சரி, மூட்டை மூட்டையாகக் கழிமுகத்திலே கொட்டிவிடலாமா? கூடாது! பாசி நஞ்சை அழிப்பதில்லை. பிடித்து வைக்கிறது, அவ்வளவே. அங்கேயே மட்கினால் பிடித்ததை விட்டுவிடும். மீன் தின்றால் நம் வீட்டுச் சட்டிக்கே வந்து சேரும்.

ஆகவே நாம் கேட்பது இது: பாசித்தொட்டி ஆலையின் கழிவுக் குழாய் வாயிலே நிற்கட்டும். செலவு ஆலையின் கணக்கிலே. அந்த அமிலத்தைக் கையாளும் தொழிலாளியின் கையுறையும் மருத்துவமும் அதே கணக்கிலே!