கல்லாப்பெட்டியில் ஒரு ரூபாய்

அமாவாசை ராத்திரி மேல்மலையனூரில் கடை போட்டிருப்பவரிடம், “இந்த நோட்டு யார் கொடுத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறது கூட்டம். எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம் விற்ற காசெல்லாம் ஒரே கல்லாவில். அவர் யாரைக் கைகாட்டுவார்?

இந்தக் கடைக்காரரைப் பற்றி 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டமே யோசித்திருக்கிறது. நீதிமன்றம் எதையெல்லாம் ‘பிரிஸ்யூம்’ செய்யலாம், அதாவது உண்மை என்று கொள்ளலாம் என்பதை அதன் 114-ஆம் பிரிவு உதாரணங்களோடு சொன்னது. முதல் உதாரணமே திருட்டு. களவு போன கொஞ்ச நேரத்தில் பொருள் ஒருவர் கையில் இருக்கிறது, எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், ஒன்று அவரே திருடியவர், இல்லை திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று கொள்ளலாம்.

சட்டம் அதோடு விடவில்லை. அடையாளமிட்ட திருட்டு ரூபாய் ஒரு கடைக்காரரின் கல்லாவில் அகப்படுகிறது. வந்த வழி அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நாள் முழுக்க ரூபாய் வாங்கிப் போடுவதுதானே அவர் தொழில்? அதையும் நீதிமன்றம் பார்க்கவேண்டும் என்றது அதே பிரிவு. சட்டத்தை எழுதியவர் வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃபின் பெரியப்பா. கடைத்தெருவை இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு சட்டம் எழுதியவர்கள் குறைவு.

பிரிஸ்யூமும் அஸ்யூமும் ஒன்றல்ல. ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வது ‘அஸ்யூம்’. பிரிஸ்யூமுக்கு ஒரு பிடி வேண்டும்; உலக நடப்பு இப்படித்தான் என்ற பிடியாவது வேண்டும். எதிராளி உடைக்கிறவரைதான் அது நிற்கும்.

சட்டத்தில் ‘மே பிரிஸ்யூம்’ என்றிருந்தால் நீதிபதி கொள்ளலாம், கொள்ளாமலும் விடலாம். ‘ஷால் பிரிஸ்யூம்’ என்று வந்துவிட்டால் கொண்டே ஆகவேண்டும். கடனுக்கு ஜாமீனாக வெற்றுச் செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிற வியாபாரிகள் கவனிக்கவேண்டிய இடம் இது. செலாவணி முறிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவில் இருப்பது ‘ஷால்’. செக் கடனுக்காகத்தான் தரப்பட்டது என்றே வழக்கு தொடங்கும். தொகையை வேறொருவர் எழுதினார் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீங்கள் எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் காட்டவேண்டியவர் நீங்கள்.

காணாமல் போனவர் விஷயத்திலும் சட்டம் இப்படி ஒன்றைக் கொள்கிறது. வீட்டைவிட்டுப் போனவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தச் சேதியும் இல்லையென்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 111. ‘அப்படியானால் காணாமல் போன அன்றே செத்துவிட்டார்’ என்று குடும்பத்தார் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எல்.ஐ.சி.க்கும் அனுராதாவுக்கும் நடந்த வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இறந்தார் என்று கொள்ளலாம், எந்தத் தேதியில் என்று கொள்ள முடியாது. அதனால் நடுவில் பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதிதான். ஒன்று, அந்த ஏழு வருஷமும் வீட்டார் பிரீமியம் கட்டிவரவேண்டும். இல்லையென்றால், பாலிசி உயிரோடிருந்த காலத்திலேயே அவர் இறந்தார் என்பதற்குச் சாட்சியம் கொண்டுவரவேண்டும்.